வைக்கலாமா, விடலாமா

எங்கள் அணி தோற்றுக்கொண்டே இருந்த இரண்டாவது கோடை அது.

மொன்றியலில் தொழில்முறைக் கூடைப்பந்து அணி ஒன்று இருக்கிறது. பனி கரைந்த பிறகு தொடங்கி, பள்ளிக்கூடம் திறக்கும் முன் முடிந்துவிடும் சின்ன லீக்கில் ஆடுகிறது. குளிர்காலம் முழுக்க ஐஸ் ஹாக்கியைப் பற்றியே பேசும் ஊர் இது. மிச்சமிருக்கும் மாதங்களில் மிச்சமிருக்கும் ஆட்களுக்கு இந்த ஆட்டம். பெயர் பெற்ற ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக வெளிநாட்டு அணிகளுக்குப் போய்விட்டார்கள். இனி இளைஞர்களை வைத்து அடியிலிருந்து கட்டப்போகிறோம், ரசிகர்கள் பொறுமையாக இருக்க வேண்டும் என்று நிர்வாகம் கேட்டுக்கொண்டது. சென்னையில் ஒரு நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் பல வருஷம் உதவி ஆசிரியராக இருந்தவள் நான். பொறுமை கேட்கும் அறிக்கைகளை நிறையச் சுருக்கியிருக்கிறேன். அதன் அர்த்தம் தெரியும். தெரிந்தேதான் அந்த வருஷமும் சீசன் சீட்டைப் புதுப்பித்தேன்.

எங்கள் வரிசையில் நாலு பேர். ஓரத்தில் நான். எனக்கு அடுத்து, விமானம் செய்யும் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற திருச்சிக்காரர் ஒருவர். எல்லோருக்கும் அவர் சார். அவருக்கு அடுத்து, டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கும் யாழ்ப்பாணத்து அண்ணை. என்னைவிட இளையவர்தான். அவர் என்னை அக்கா என்பார், நானும் மற்றவர்களைப் போல அவரை அண்ணை என்று கூப்பிட்டுப் பழகிவிட்டேன். அந்தப் பக்கத்து ஓரத்தில் மன்னாரைச் சேர்ந்த ஒரு பெண். ஒரு கார்டெரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், சமைக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியான ஆட்டங்களுக்குத் தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து நேராக வருவாள். பட்டுச் சேலைக்கு மேல் அணியின் தொப்பி போட்டிருப்பாள்.

நாங்கள் திட்டமிட்டுச் சேர்ந்தவர்கள் இல்லை. அதற்கு இரண்டு வருஷம் முன்பு ஆளுக்கொரு மூலையில் இருந்தோம். ஒரு நாள் நடுவரின் கண்பார்வையைப் பற்றி யாரோ தமிழில் சொன்னார்கள், நான் திரும்பிப் பார்த்தேன். அடுத்த வருஷம் சேர்ந்து சீட்டு வாங்கினோம்.

ஆட்டம் முடிந்ததும் சாரின் காரில் பார்க் எக்ஸ்டென்ஷனுக்குப் போவோம். வழி நெடுகச் சாலை வேலையின் ஆரஞ்சுக் கூம்புகள். அங்கே மளிகைக் கடையின் பின்பக்கம் நாலைந்து மேசை போட்டு, இறைச்சி வைத்துச் சுருட்டிப் பொரித்த றோல்ஸும் தேத்தண்ணியும் விற்கிறார்கள். அந்த மேசையில் தீர்ப்பு நடக்கும். அன்று ஆடிய இளம் பையன்களை ஒவ்வொருவராக எடுத்து, வைக்கலாமா, விடலாமா என்று சொல்ல வேண்டும். நடுவில் நிற்க இடமில்லை. பார்க்கலாம், பரவாயில்லை போன்ற பதில்கள் செல்லாது. தீர்ப்பு சொன்னவரிடம் மற்றவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள்: "என்னத்தைக் கண்டனீங்கள்?" கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். புள்ளிக்கணக்கு சொல்லித் தப்பிக்க முடியாது, அது போனிலேயே இருக்கிறது.

இந்த விதியைக் கொண்டுவந்தது மன்னார்க்காரிதான். அவள் கொன்வென்ரில் படித்த காலத்தில் வலைப்பந்து ஆடியவள். அந்த ஆட்டத்தில் பந்தோடு ஓட முடியாது என்பதால் அவளுடைய பார்வை எப்போதும் கால்களில் இருக்கும்.

"உவன் குதிச்சு இறங்கேக்கை ஒரு கால்லதான் இறங்குறான். வாற வருசம் முழங்கால் போயிடும். விடலாம்" என்பாள்.

"பாவம், இருவது வயசுப் பெடியன். முழங்காலை இப்பவே அடக்கம் பண்ணாதையும்" என்பார் அண்ணை.

"நான் பெடியனை அடக்கம் பண்ணேல்லை அண்ணை. முழங்காலைத்தான்."

அண்ணை ஆட்களைப் பெட்டிகளைப் போல எடை போடுவார். அவரைப் பொறுத்தவரை இரண்டு வகைப் பையன்கள்தான் உண்டு, பிடி வைத்தவன், பிடி இல்லாதவன். இடித்தால் எங்கே பிடிப்பது என்று எதிராளிக்குத் தெரியாவிட்டால் அவன் பிடி இல்லாதவன், நல்ல ஆட்டக்காரன். சாருக்கு யாரையும் விட மனம் வராது. "ரீபில்ட்னா மூணு வருஷமாவது ஆகும் மேடம். காங்கிரீட் காயறதுக்குள்ள தட்டிப் பாக்கக் கூடாது" என்பார். "சார், நீங்க விமானம்தானே கட்டினீங்க?" என்று நான் கேட்டால், "அதுக்கு இன்னும் அதிகம் ஆகும்" என்பார்.

இப்படிக் குறை சொல்லிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் ஒரு முழுக் கோடை போனது. இரண்டாவது கோடையின் தொடக்கத்தில் அணி புதுப் பட்டியலை வெளியிட்டது. பல்கலைக்கழகத்தில் படிக்கும் பையன்கள் இரண்டு பேரைச் சோதனையாக எடுத்திருந்தார்கள். கோடையின் நடுவில் ஒருவனை வைத்துக்கொண்டு மற்றவனை அனுப்பிவிடுவார்கள். ஒருவன் நகரத்தின் வடக்கே வளர்ந்த ஹெய்ட்டியக் குடும்பத்துப் பையன். மற்றவன் மன்னார்க்காரியின் மகன்.

அவளுக்கு இப்படி ஒரு மகன் இருப்பது எங்களுக்குத் தெரியும். பல்கலைக்கழக அணியில் ஆடுகிறான் என்றும் சொல்லியிருந்தாள். ஆனால் முதல் ஆட்டத்தில் அவன் பெஞ்சிலிருந்து எழுந்து மேல்சட்டையைக் கழற்றியபோது நாங்கள் மூன்று பேரும் கொஞ்சம் ஆடித்தான் போனோம். நம்ம முகம், அந்த உயரத்தில். அண்ணை எழுந்து நின்று கை தட்டினார்.

அன்றைக்கு மேசையில் மகனின் முறை வந்தது.

"வைக்கலாம்" என்றார் அண்ணை, கேள்வி முடிவதற்குள்.

"கட்டாயம் வைக்கலாம்" என்றார் சார்.

"வைக்கலாம்" என்றேன் நானும்.

யாரும் யாரையும் என்னத்தைக் கண்டீர்கள் என்று கேட்கவில்லை. கடைக்காரர் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். மன்னார்க்காரி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

அது அடுத்த ஆட்டத்துக்கும் தொடர்ந்தது, அதற்கடுத்த ஆட்டத்துக்கும். மற்றப் பையன்களை வழக்கம்போல் அலசினோம். அவள் மகனிடம் வந்ததும் எங்கள் குரல் மாறிவிடும், கல்யாண வீட்டில் பெண்ணின் நிறம் எடுப்பு என்று சொல்லும் குரல். நம்மவர்கள் ஒரு பிள்ளையைப் பற்றி எவ்வளவோ பேசுவார்கள், ஆனால் பெற்றவள் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது பேச்சு தானாகவே இனித்துவிடும். அதில் பொய் என்ற உணர்வே யாருக்கும் இருக்காது. கண்ணாடியைத் துடைப்பது மாதிரி அது கைப்பழக்கம்.

மூன்றாவதோ நாலாவதோ ஆட்டத்துக்குப் பிறகு அவள் கேட்டுவிட்டாள்.

"முந்தி நீங்கள் ஒருத்தனையும் விட்டு வைக்கேல்லை. இப்ப என்ர பெடியன் மட்டும் பிழையே விடுறேல்லையோ?"

சார் றோல்ஸை எடுத்துப் பாதி கடித்துவிட்டார். வாய் நிறைந்திருந்ததால் அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"தங்கச்சி, தாய்க்கு முன்னாலை என்னெண்டு..." என்றார் அண்ணை.

"தாய் எண்டபடியாத்தான் கேக்கிறன். அவன் என்னட்டை ஒண்டு கேட்டவன்."

அப்போதுதான் விஷயத்தைச் சொன்னாள். அணி தன்னை வைத்துக்கொண்டால், படிப்பை ஒரு வருஷம் நிறுத்திவிட்டு முழுநேரமாக ஆட நினைக்கிறானாம். குளிர்காலத்தில் ஐரோப்பாவில் எங்காவது ஒரு சின்ன அணியில் சேர்ந்து தேர்ந்து வரலாமாம். வைத்துக்கொள்ளாவிட்டாலும் போகலாமா என்பதுதான் அவனுடைய கேள்வி. 'நான் அந்தளவுக்கு இருக்கிறனா அம்மா?' என்று கேட்டிருக்கிறான். அவள் கணவர் சென்ட் லோரன்டில் மருந்துத் தொழிற்சாலையில் ஷிப்டில் இருப்பவர், ஆட்டத்துக்கே வருவதில்லை. "உனக்குத்தானே விளையாட்டுத் தெரியும், நீயே சொல்லு" என்று அவளிடம் விட்டுவிட்டார்.

"எனக்கென்ன தெரியும்?" என்றாள். "மற்றப் பெடியள் ஓடேக்கை எனக்குக் கால் தெரியுது. இவன் ஓடேக்கை முகம்தான் தெரியுது. முகத்தைப் பாத்துக்கொண்டிருந்தால் பந்து எங்கை போகுது எண்டே தெரியாது. உங்களிட்டைக் கேப்பம் எண்டு வந்தால் நீங்களும் வைக்கலாம் வைக்கலாம் எண்டுறீங்கள்."

அண்ணை, "எனக்கு அவனைப் பிடிக்கும்" என்றார். அவள் அவரைப் பார்த்தாள். "அது செல்லாது, தெரியும்" என்று அவரே சொல்லிக்கொண்டார்.

"சரி. வாற ஞாயிறு நான் அங்கால போய் இருக்கிறன்" என்றாள். "நான் பக்கத்திலை இல்லாட்டி உங்களுக்குக் கண் திறக்கும்."

சொன்னபடியே செய்தாள். அது வீடு மாறும் நாளை ஒட்டி வந்த ஞாயிறு. ஜூலை பிறந்தால் இந்த ஊரில் பாதிப் பேர் வீடு மாறுவார்கள், நடைபாதையெல்லாம் சோபாவும் மெத்தையும் கிடக்கும். அண்ணை மருமகனுக்காக ஒரு குளிர்சாதனப் பெட்டியை வெளிப்புறத்து வளைந்த படிக்கட்டு வழியாக இறக்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். "பிளேனுக்கு ஏத்துறது லேசு, அக்கா. பிளேனுக்கு வளைஞ்ச படி இல்லை" என்றார்.

நாலாவது இருக்கை காலியாக இருந்தது. அவள் அரங்கின் எதிர்ப்புறத்தில், முழு நேரமும் மேளம் அடிக்கும் பிரெஞ்சுக்காரர்களின் கூட்டத்துக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். மாம்பழ நிறச் சேலை, தொப்பி. அவ்வளவு தூரத்திலிருந்தும் அவளைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

முதல் பாதியில் மகன் இறங்கினான்.

"இப்ப வடிவாப் பாருங்கோ" என்றார் அண்ணை.

பார்த்தோம். பந்து இந்தக் கோடிக்குப் போகும்போது நாங்கள் மூன்று பேரும் அந்தக் கோடியைப் பார்த்தோம், அவள் எழுந்துவிட்டாளா என்று. பேச்சும் தானாகத் தாழ்ந்து போனது. மேளச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காத அரங்கில், எதிர்ப்பக்கத்தில் இருப்பவளுக்குக் கேட்டுவிடும் என்பதுபோல் சார் என் காதருகே குனிந்து சொன்னார்: "மேடம், அந்தப் பாஸை அவன் குடுத்திருக்க வேண்டாம்."

"நானும் கண்டனான்" என்று அண்ணையும் முணுமுணுத்தார். "ஆனா அதை நான் சொல்ல மாட்டன். நீங்கள்தான் பேப்பர்ல இருந்தனீங்கள். நீங்கள் சொல்லுங்கோ அக்கா."

சார் உடனே தலையாட்டினார். அப்படித்தான் வேலை என்னிடம் வந்து சேர்ந்தது.

பத்திரிகையில் எங்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஆட்டக்காரரைப் பற்றிய குறிப்பு எழுதும்போது, பக்கத்தில் இடம் போதாவிட்டால் முதலில் அடைமொழிகளை எடுப்போம். துடிப்பான, திறமைமிக்க, வளரும் எல்லாம் போன பிறகு எது மிஞ்சுகிறதோ அதுதான் செய்தி. இரண்டாவது பாதியில் எதிர்ப்புறத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு அவனை மட்டும் அப்படிப் பார்த்தேன். நம்ம முகம் என்பதை எடுத்தேன். அவள் மகன் என்பதை எடுத்தேன். கடைசியில் இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவன் மிஞ்சினான்.

நன்றாகத் தடுத்தான். தன்னைவிட அகன்ற ஆளை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே போய் வழியை அடைத்தான். பந்தை இழந்ததும் தலையில் கை வைக்காமல் உடனே திரும்பி ஓடினான், பெரியவர்களே செய்யாத காரியம். ஆனால் பந்து கைக்கு வரும்போதெல்லாம் ஒரே ஒரு காரியம் நடந்தது. முன்னால் ஆளே இல்லை, கூடை திறந்து கிடக்கிறது, அப்போதும் அவன் கண் முதலில் பக்கவாட்டில் போகும், யாருக்குக் கொடுக்கலாம் என்று. யாரும் இல்லை என்று உறுதியான பிறகுதான் கூடையைப் பார்ப்பான். அதற்குள் எதிராளி வந்துவிடுவான். ஹெய்ட்டியப் பையன் தப்புத் தப்பாக எறிந்தான், ஆனால் பந்து வந்ததும் எறிந்தான். பயிற்சியாளர் யாரைப் பார்த்து எழுந்து நிற்கிறார், யாரைப் பார்த்துக் கை கட்டுகிறார் என்பதையும் கவனித்தேன்.

அன்றும் தோற்றோம். வெளியே நதிப் பக்கத்திலிருந்து காற்று நன்றாக வீசியது. அவள் வாசலில் எனக்காகக் காத்திருந்தாள். மற்ற இருவரும் கார் எங்கே நிற்கிறதென்று மறந்தவர்கள்போல வேறு திசையில் நடந்தார்கள்.

"சொல்லுங்கோ அக்கா" என்றாள்.

"இந்த வருஷத்துக்குன்னா விடலாம்" என்றேன்.

சேலைத் தலைப்பைக் காற்று இழுத்தது, அதைப் பிடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"என்னத்தைக் கண்டனீங்கள்?"

கண்டதைச் சொன்னேன். தடுப்பதை முதலில் சொன்னேன், திரும்பி ஓடுவதைச் சொன்னேன், பிறகு அந்தப் பக்கவாட்டுப் பார்வை. பயம் என்று நான் சொல்லவில்லை. எனக்கு அது தெரியவில்லை, கண் போன இடம் மட்டும்தான் தெரிந்தது. "ரெண்டு பேர்ல ஒருத்தரைத்தான் வைப்பாங்கன்னா, எறியறவனை வைப்பாங்க. ஐரோப்பாவுக்குப் போனாலும் முதல்ல இதைத்தான் கேப்பாங்க. ஆனா இது கால் பழுது இல்லை. மாத்தக்கூடிய விஷயம்."

கடைசி வாக்கியம் ஆறுதலுக்காகச் சேர்த்ததா என்று கேட்பதுபோல் பார்த்தாள். இல்லை, நான் கண்டதில் அதுவும் சேர்ந்தது என்றேன்.

நான் எதிர்பாராதபடி அவள் சிரித்தாள்.

"வீட்டிலையும் உதுதான் அக்கா. தட்டிலை கடைசி றோல்ஸ் ஒண்டு கிடந்தா, 'ஆருக்கு வேணும், ஆருக்கு வேணும்' எண்டு எல்லாரையும் கேட்டு முடிக்க அது ஆறிப்போயிடும். மூத்தவனெல்லோ. சின்னதுகளுக்குக் குடுத்துப்போட்டு எடு எண்டு நான்தான் பழக்கினனான்." சிரிப்பு நின்றுவிட்டது. "நான் அதைக் குணம் எண்டு நினைச்சன்."

"குணம்தான்" என்றேன். "இங்க மட்டும்தான் அது குறை."

அன்று அவள் கடைக்கு வரவில்லை. மெட்ரோவில் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். காரில் சார் ஒரே ஒரு கேள்வி கேட்டார், "அழுதாங்களா?" இல்லை என்றேன். வழக்கமாக அண்ணை திட்டும் ஆரஞ்சுக் கூம்புகளைக்கூட யாரும் திட்டவில்லை.

அடுத்த ஞாயிறு அவள் எங்கள் வரிசைக்கே வந்துவிட்டாள். சொன்னாளா, அவன் என்ன சொன்னான் என்று நாங்கள் கேட்கவில்லை. அவளே ஆரம்பித்தாள்.

"சொன்னனான். நீங்கள் சொன்னது அப்பிடியே. ஒண்டும் கூட்டேல்லை, ஒண்டும் குறைக்கேல்லை."

"பெடியன் கோவிச்சானோ?" என்றார் அண்ணை.

"ரெண்டு நாள் கதைக்கேல்லை. மூண்டாம் நாள் வந்து, 'அந்த அன்ரிக்கு எத்தினை வருசம் விளையாட்டுப் பழக்கம்' எண்டு கேட்டான். பேப்பரிலை இருந்தவ எண்டன். 'அப்ப சரியா இருக்கும்' எண்டுபோட்டுப் பின்வளவுக் கூடையிலை எறியப் போயிட்டான்."

அன்று அவனுக்கு முன்பைவிட அதிக நேரம் கிடைத்தது. முதல் முறை பந்து வந்தபோது அவன் கண் பக்கவாட்டில் போகத் தொடங்கியதைப் பார்த்தேன், போய்க்கொண்டிருக்கும்போதே திரும்பியதையும் பார்த்தேன். எறிந்தான். பந்து வளையத்தில்கூடப் படவில்லை. மேளக்காரர்கள் இரக்கத்தோடு ஒரு அடி அடித்தார்கள்.

"எறிஞ்சிட்டான்" என்றாள் அவள், பந்து கூடையில் விழுந்த மாதிரி.

இன்னும் சில முறை எறிந்தான். ஒன்று விழுந்தது. அவள் கை தட்டாமல் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள், பிடித்ததையே மறந்துவிட்டு ஆட்டம் முடியும்வரை விடவில்லை. அண்ணை எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துக் கை தட்டினார்.

அன்று மேசையில் அவன் முறை வந்தபோது, அவளே முதலில் சொன்னாள். "இண்டைக்கு எனக்குக் கால் தெரிஞ்சுது. இடக்கால் பிந்துது."

"பிந்துதுதான்" என்று அண்ணை ஒத்துக்கொண்டார். சார், "கொஞ்சம்தான்" என்றார். "சார்" என்று மூன்று பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். அவர் கையை உயர்த்திச் சரணடைந்தார்.

அணியின் முடிவு அந்த வாரமே வந்தது. அணியின் இணையப் பக்கத்தில் இரண்டு வரி, பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும். ஹெய்ட்டியப் பையன் இருக்கிறான், மன்னார்க்காரியின் மகனுக்கு நன்றியும் வாழ்த்தும். செய்தியாக அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அடைமொழி ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

அடுத்த ஞாயிறு அவள் வருவாள் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. சார் காலியான இருக்கையைப் பார்க்காமல் இருப்பதற்காகப் பனிக்காலத்தைப் பற்றிப் பேசினார், ஜூலை மாதத்தில். ஆட்டம் தொடங்கச் சற்று முன்னால் படிக்கட்டில் மாம்பழச் சேலை தெரிந்தது. அவளுக்குப் பின்னால் அவனும்.

அருகில் அவனைப் பார்ப்பது அதுதான் எனக்கு முதல் முறை. சாதாரணச் சட்டையில் இன்னும் உயரமாக இருந்தான். முன்னிருக்கைக்கும் அவன் முழங்காலுக்கும் ஒத்துவராமல் கால்களை நடைபாதைப் பக்கம் நீட்ட வேண்டியிருந்தது, அதனால் என் ஓர இடத்தை அவனுக்குக் கொடுத்து ஒவ்வொருவராக நகர்ந்தோம். "மெர்சி அன்ரி" என்றான். பிறகு, என்னை நேராகப் பார்க்காமல், "அம்மா சொன்னவ. நீங்கள்தானே?" என்றான்.

"நான்தான்."

"ஓம், சரி" என்றான். கோபமா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஆட்டம் தொடங்கிவிட்டது.

அவனுடைய இடத்தைப் பிடித்த பையன் இறங்கியபோது நாங்கள் நாலு பேரும் கடிகாரத்தைப் பார்த்தோம், கூரையைப் பார்த்தோம். அவன் மட்டும் முன்னால் குனிந்து, முழங்காலில் முழங்கையை ஊன்றிப் பார்த்தான். அந்தப் பையன் எறிந்த பந்து ஒன்று அழகாகக் கூடைக்குள் விழுந்தபோது இவன் விரலை வாயில் வைத்து விசிலடித்தான். அவள் தொப்பியைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

இரண்டு மாதங்களில் முதல் முறையாக அன்று ஜெயித்தோம். சாருக்கு அதை எப்படி எடுத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. காரில் ஐந்து பேர். அவன் முன்னால், இருக்கையை முழுக்கப் பின்னுக்குத் தள்ளி. அவனுக்குப் பின்னால் அண்ணை, முழங்கால் நெஞ்சைத் தொட.

"தம்பி, நீ ஐரோப்பாவுக்குப் போறதெண்டாச் சொல்லு. லக்கேஜ் பகுதியிலை அனுப்புறன். உனக்கு வேறை இடம் காணாது" என்றார்.

"போகேல்லை அங்கிள்" என்றான் அவன், சாலையைப் பார்த்தபடி. "செப்ரெம்பர்ல படிப்பு இருக்கு. அதை முடிக்கப்போறன். வசந்தத்திலை அணிக்காரர் திருப்பிச் சோதனை வைப்பினம். அதுக்குள்ளை எறியப் பழகுறன்."

பின்னிருக்கையில் அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பதில் அவளுக்கு முன்பே தெரியும் என்பது அவள் உட்கார்ந்திருந்த விதத்தில் தெரிந்தது, தோள் இறங்கியிருந்தது. பல வாரங்களாக அவள் அப்படி உட்காரவில்லை.

கடையில் ஒரு நாற்காலி இரவல் வாங்கிப் போட்டோம். பெரிய தட்டில் றோல்ஸ் வந்தது. பையன்களை எடுத்தோம், ஒவ்வொருவராக. ஹெய்ட்டியப் பையனின் முறை வந்ததும் அண்ணை எழுந்து தேத்தண்ணிக்குச் சீனி கேட்கப் போனார். சீனி மேசையிலேயே இருந்தது.

"வைக்கலாம்" என்றான் அவன்.

யாரும் கேட்கவில்லை. அம்மாதான் கேட்டாள். "என்னத்தைக் கண்டனி?"

அவன் யோசித்தான். தமிழில் தேடி, கிடைக்காமல், கையால் காட்டினான், பந்தைப் பிடித்துத் தோளுக்குக் கொண்டுவருவது, கண் அசையாமல். "அவன் பிழையா எறிஞ்சாலும் அடுத்ததுக்கு முகம் மாறேல்லை" என்றான். "அது எனக்கு இல்லை. இன்னும் இல்லை."

சீனிக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற அண்ணை உட்கார்ந்தார். "வைக்கலாம்" என்றார். சாரும் சொன்னார். நானும் சொன்னேன். அவள் தேத்தண்ணியைக் கலக்கிக்கொண்டே இருந்தாள், பிறகு, "கால் நல்லம்" என்றாள். "வைக்கலாம்."

அதற்கடுத்த பையனுக்குப் போனோம். பேச்சு சூடு பிடித்தது. பிடி இல்லாதவன் யார் என்பதில் சாருக்கும் அண்ணைக்கும் சண்டை. நடுவில் தட்டைப் பார்த்தேன், ஒரே ஒரு றோல்ஸ் இருந்தது. அவனும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணையின் முகத்தைப் பார்த்தான், சாரின் முகத்தைப் பார்க்கத் தொடங்கினான், பாதியில் நிறுத்தினான். கையை நீட்டி எடுத்துக் கடித்தான்.

அவள் பேச்சை நிறுத்திவிட்டாள்.

"பெரியாக்கள் இருக்கினம். ஆருக்கும் வேணுமோ எண்டு ஒரு சொல் கேட்டியே?"

"நோ" என்றான் அவன், வாய் நிறைய.

"பாருங்கோ அக்கா, வளத்த வளர்ப்பை" என்று என்னிடம் முறையிட்டாள். சொல்லிக்கொண்டே சட்னிக் கிண்ணத்தை அவன் கைக்கு எட்டும் இடத்துக்கு நகர்த்தி வைத்தாள்.